பவ்பஜார் நிறமாலையும் ஃபெம்டோ நொடியும்

படிகத்தின் மேற்பரப்பில் லேசர் துடிப்பு விழுந்ததும் முதலில் சூடேறுபவை எலக்ட்ரான்கள். அணுக்களின் அதிர்வு பின்னால்தான் எழும். இந்த முன்பின்னை அளக்கப் பரவலாகக் கையாளப்படுவது பம்ப்-புரோப் முறை. ஒரு துடிப்பு கிளறிவிடும். சற்றுத் தாமதித்து வரும் மற்றொன்று, பரப்பின் எதிரொளிப்பு எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்கும். கண்ணாடியை 15 மைக்ரோமீட்டர் பின்னே நகர்த்தினால் 100 ஃபெம்டோ நொடித் தாமதம் கிடைத்துவிடும். அவ்வளவு வேகமான மின்னணுக் கருவி எதுவும் வேண்டாம். கொல்கத்தா சால்ட் லேக்கின் எஸ்.என். போஸ் மையத்திலும் காந்தப் படலங்களின் அதிவேக இயக்கத்தை இப்படித்தான் ஆராய்கிறார்கள். முறையின் நேர அச்சில் எனக்கு ஐயமில்லை. செங்குத்து அச்சுக்கு நாம் கொடுக்கும் பொருளில்தான் ஐயம்.

எதிரொளிப்பு என்பது எலக்ட்ரான் வெப்பநிலையும் அல்ல, அணிக்கோவையின் (படிகத்தில் அணுக்களின் அடுக்கமைப்பின்) வெப்பநிலையும் அல்ல. இரண்டுக்கும் தனித்தனி வெப்பநிலை உண்டு என்று கொள்ளும் மாதிரி வழியாகத்தான் அதை அப்படி வாசிக்கிறோம். தங்கத்தில் எலக்ட்ரான்கள் தமக்குள் மோதிப் பொதுவான ஒரு வெப்பநிலைக்கு வரவே சில நூறு ஃபெம்டோ நொடிகள் ஆகின்றன. 1992-இல் நடந்த ஒளிமின் உமிழ்வுச் சோதனை இதை நேரடியாகக் காட்டியது. அதற்கு முந்தைய கணங்களில் வெப்பநிலை என்ற பேச்சே பொருந்தாது. ‘மேற்பரப்பு’ என்ற அடைமொழியும் சற்றுத் தாராளமானதுதான்: தங்க அடுக்குகளின் இடைவெளி சுமார் 0.24 நானோமீட்டர், ஒளியோ பத்து நானோமீட்டருக்கும் மேல் உள்ளே போய், பல பத்து அடுக்குகளின் சராசரியையே திருப்பித் தருகிறது. நிக்கல் விவகாரம் இன்னும் தெளிவானது. அதன் காந்தத்தன்மை ஒரு பிக்கோ நொடிக்குள் சரிவதாக 1996-இல் பிரெஞ்சுக் குழுவொன்று அறிவித்தது. முதல் கணங்களின் சைகையில் காந்தம் எவ்வளவு, வெறும் ஒளியியல் எவ்வளவு என்று 2000-இல் கூப்மன்ஸ் குழு கேட்டது. காந்தம் சரிவது பிறகு உறுதியானது. ஆனால் அதை உறுதிசெய்ய வேறு அளவீடுகள் தேவைப்பட்டன.

அந்த இரு வெப்பநிலை மாதிரி அளவீட்டோடு ஒத்துப்போகிறதே என்பார்கள். ஒரு பிக்கோ நொடிக்குப் பிந்தைய தங்கத்துக்கு அது சரி. ஆனால் கிராஃபைட்டில் சில ஃபோனான்கள் (அணிக்கோவை அதிர்வுகள்) மட்டும் எலக்ட்ரான்களிடமிருந்து ஆற்றலை முந்திப் பெற்றுக்கொள்வதால், அணிக்கோவைக்கு ஒரே வெப்பநிலை என்பது அங்கே நிற்காது. இங்கே கைகொடுப்பது 1928-இல் கொல்கத்தாவின் பவ்பஜாரில் ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் கண்ட சிதறல்தான். சிதறிய ஒளியின் ஸ்டோக்ஸ், எதிர்-ஸ்டோக்ஸ் கோடுகளின் செறிவு விகிதம், குறிப்பிட்ட ஓர் அதிர்வு எவ்வளவு கிளர்ந்துள்ளது என்பதைச் சொல்லும். 1980-இல் காலியம் ஆர்சனைடில் சூடான ஃபோனான்களின் ஆயுளை, 77 கெல்வினில் சுமார் 7 பிக்கோ நொடி என, இவ்வழியில் அளந்தார்கள். ஆனால் இதற்கும் விலை உண்டு. துடிப்பைக் குறுக்கக் குறுக்க அதன் நிறம் விரியும். 100 ஃபெம்டோ நொடியில் அந்த விரிவு, செ.மீ.க்கு சுமார் 150 என்ற அலையெண் அளவுக்குப் போய், நெருக்கமான அதிர்வுகளை ஒன்றாகக் குழப்பிவிடும்.

ஒளிமின் உமிழ்வோ எலக்ட்ரான் விளிம்பு விலகலோ பரப்பை நேரே பார்க்கும். ஆனால் உயர் வெற்றிடமும் பெருஞ்செலவும் கேட்கும். எல்லா ஆய்வகத்துக்கும் அது கட்டுப்படியாகாது என்ற வாதத்தை மறுக்க முடியாது. ஆனால் ஆய்வுத் துடிப்பின் அலைநீளத்தை மாற்றி மீண்டும் அளப்பது பெரும்பாலும் கைக்கெட்டும் வேலைதான். அலைநீளம் மாறியதும் தளர்வு நேரமும் மாறினால், அந்த எண்ணை எலக்ட்ரான்-ஃபோனான் பிணைப்பு என்று அட்டவணையில் ஏற்றக் கூடாது.