எருக்கும் வெள்ளெருக்கும்

சங்கப் பாட்டில் வரும் செடியை இன்னதெனத் துணிவார் உரையையும் அகராதியையும் நோக்குவரேயன்றிச் செடியை நோக்குதல் அரிது. எருக்கு யாவரும் அறிந்ததாகலின் அதன்கண் ஐயம் எழாதெனப் பலரும் கருதுவர். எனினும், வெள்ளெருக்கினை வேற்றினமாகக் கொண்டு, அதற்குக் 'கலோட்ரோபிஸ் புரோசிரா' என்னும் பெயரிட்டெழுதும் மருந்துச் செடிப் பட்டியல்கள் உள. அவற்றை அவ்வாறே ஏற்றுப் புறநானூற்றுக்குக் குறிப்பு வரைதல் பிழைபடும்.

வேலூரினின்றும் ஆம்பூர் வரை பாலாற்றின் வறண்ட கரையிலும் சவ்வாது மலையடியிலும் எருக்கினைக் காண்பார் முதற்கண் நோக்க வேண்டுவது நிறத்தையன்று, இதழின் நிலையையே. இதழ் விரிந்து பின்னோக்கி மடிந்து, முகை சற்றே நீண்டிருப்பின் அது 'ஜைகான்டியா'. லின்னேயசு 1753இல் பெயரிட்டது. இதழ் நிமிர்ந்து கிண்ணம்போற் குவிந்து, நுனியிற் கருஞ்சிவப்புத் தோய்ந்து, முகை உருண்டிருப்பின் அது புரோசிரா. பின்னது வடநாட்டு வறள்நிலங்களில் மிகுதி. தமிழகச் சமவெளியிற் பெரும்பான்மையும் முன்னதே. நம் வெள்ளெருக்கின் இதழும் மடிந்தே நிற்கும். ஆதலின் அது ஜைகான்டியாவின் நிறவேறுபாடேயன்றித் தனியினம் அன்று. பாலொழுகுதல் ஒன்றே கொண்டு துணிதலும் சாலாது. வேலிப்பருத்திக்கும் பால் உண்டு. குடும்பத்தால் வேறாய கள்ளிக்கும் உண்டு.

இவ் வேறுபாட்டால் இலக்கியத்திற்கு ஆவதென்னை எனின், கூறுதும். பாரியைப் பாடும் கபிலர் (புறம். 106), நல்லன தீயன என்னும் இரண்டனுள்ளும் எண்ணப்படாத எருக்காயினும் ஒருவன் படைப்பின் கடவுளர் அதனை வேண்டாவென்னார் என்கின்றார். உவமையின் உயிர் அப் பூவின் எளிமையிலுள்ளது. வெள்ளெருக்கோ பிற்காலத்துத் தேவாரத்தில் இறைவன் சடைக்குரியதாய்ப் பாடப்பெறுவது. இன்று பிள்ளையார்க்குச் சிறந்ததெனப் போற்றப்படுவது. அதனை இங்குப் புகுத்தின், ஏற்றல் இயல்பாய பூவை ஏற்றனர் என்றாகிப் பாரியின் கொடைமடம் உரைபெறாதொழியும். நிறம் வேண்டியவழி அந் நிறத்தைக் கூறுதல் புலவர் வழக்கு, கபிலர் கூறிற்றிலர். அவர் கூறியது இலையின் புன்மை. வெண்பொடி படிந்தாற்போன்ற மயிரால் மங்கித் தோன்றும் அவ் விலையைக் கண்டார்க்கு, அவ் வடை இழிவு ஒன்றனையே குறித்ததன்று, நிறத்தையும் குறித்தது எனத் தோன்றும்.

கலித்தொகையில் மடலேறுவோன் எருக்கோடு ஆவிரையும் பூளையும் சூடுகின்றான். யாவும் காவலின்றிக் கிடப்பன. ஆவிரைக்குப் பின்னாளிற் பட்டையால் விலை வந்தது; வாட்டிற்பட்டையும் குரோமியமும் பரவுமுன் இவ் வட்டாரத்துத் தோல்கள் ஆவாரம்பட்டையாற் பதம்பெற்றன. எருக்கு அவ்வாறு விலைபெற்றதன்று.

குறுந்தொகை 17ஆம் பாட்டிற்கும் புரோசிரா என்று குறிப்பெழுதலாமோ எனின், ஆகாது. அப் பாட்டு முகையைக் கூறிற்றேனும், அது நீண்டதோ உருண்டதோ என்பதைக் கூறிற்றில்லை.