இழவு வீட்டுச் சிரிப்பு: எப்படி ரசிப்பது?

தாய் தகப்பனைப் பறிகொடுத்த ஒருவர் மேடையேறி, அந்தச் சாவைப் பற்றியே பேசிக் கூட்டத்தைச் சிரிக்க வைக்கிறார். ஸ்டாண்ட்-அப் காமெடியில் இது இன்று தனி வகையாகவே வளர்ந்துவிட்டது. 2012 ஆகஸ்ட்டில், தனக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த சில நாட்களிலேயே, டிக் நோட்டாரோ லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள லார்கோ அரங்கில் ஏறினார். வணக்கம் சொன்ன கையோடு அந்த நோயை அறிவித்தார். சில மாதங்களுக்கு முன் கீழே விழுந்து இறந்துபோன தன் தாயைப் பற்றியும் பேசினார். லாரி கில்மார்ட்டின் 2016-இல் தந்த நிகழ்ச்சி முழுக்க முழுக்க இறந்த அப்பாவைப் பற்றியது. ஒன்பது நாள் இடைவெளியில் அப்பாவையும் சிற்றன்னையையும் இழந்த சாரா சில்வர்மன், அந்த அனுபவத்தை 2025-இல் 'போஸ்ட்மார்ட்டம்' என்ற நிகழ்ச்சியாக்கினார். இந்தியில் ஜாகிர் கான், சாரங்கிக் கலைஞரான தன் தாத்தாவின் நினைவைச் சுற்றி 2022-இல் 'ததாஸ்து' செய்தார்.

இவற்றை முதல்முறை பார்க்கும் நம்மவர்கள் பலருக்கு, "பெத்தவங்க சாவுல என்னய்யா சிரிப்பு?" என்று தோன்றும். கேள்வி நியாயமானது. ஆனால் தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்துக்காரர்களுக்கு இந்தக் கலை புதிதில்லை. அவர்கள் ஊர் இழவு வீடுகளிலேயே இதற்கான காது அவர்களுக்கு வாய்த்திருக்கிறது. அந்தக் காதைக் கொண்டு இந்தச் சிரிப்பை எப்படிக் கேட்பது என்று பார்ப்போம்.

முதலில் முறையைப் பாருங்கள்

பேரன் பேத்தி, கொள்ளுப்பேரன் வரை பார்த்துவிட்டு ஒருவர் கண்ணை மூடினால், காவிரி டெல்டாவில் அதைக் கல்யாணச் சாவு என்பார்கள். தப்பு முழங்கும், வெடி போடுவார்கள், பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பார்கள். அந்த வீட்டில் கேலிக்கும் குறைவிருக்காது. ஆனால் யார் வேண்டுமானாலும் கேலி பேசிவிட முடியாது. மச்சான் முறைக்காரர் பேசலாம், சம்பந்தி பேசலாம், கொழுந்தியாள் பேசலாம். "எந்திரிய்யா, பந்தி போட்டாச்சு" என்று பாடையில் கிடப்பவரைப் பார்த்து மச்சான் சொன்னால் வீடே சிரிக்கும். அதையே எதிர்வீட்டுக்காரர் சொன்னால் அடிதடியில் முடியும். சொல் ஒன்றுதான். சொல்கிறவருக்கு இறந்தவரோடு இருக்கும் உறவுதான் அந்தச் சொல்லைக் கேலியாகவோ அவமானமாகவோ ஆக்குகிறது.

மேடையில் நிற்பவர் இறந்தவருக்குப் பிள்ளை. அவருக்கு அந்த உரிமை உண்டு. அரங்கில் உட்கார்ந்திருக்கும் நாமோ முன்பின் தெரியாதவர்கள், சிரிக்க நமக்கு முறையில்லை. அந்த முறையைப் பேச்சாளர் சில நிமிடங்களில் நமக்கு உண்டாக்கித் தர வேண்டும். அப்பா எப்படிச் சட்டை போடுவார், எதற்குக் கோபப்படுவார், யாரிடம் கடன் வாங்குவார் என்று சொல்லிச் சொல்லி, அவரை நமக்கும் ஒரு மாமாவாகவோ பெரியப்பாவாகவோ ஆக்குகிறார். இந்த வகை நகைச்சுவையின் முதல் திறமை இதுதான். எனவே முதல் பத்து நிமிடம் ஜோக்கை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். இறந்தவர் உங்கள் கண்முன் எழுந்து வருகிறாரா என்று பாருங்கள். அவர் வராமலே சாவு வந்துவிட்டால், பின்னால் கிடைக்கும் சிரிப்பு அதிர்ச்சிக்குக் கிடைத்த சிரிப்பாகவே நிற்கும்.

இப்படிக் கூட்டத்தை முதலில் தயார்செய்வது நம் நாடகத்திலும் உண்டு. மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியையொட்டி நடக்கும் பாகவத மேளா நாடகத்தில் முதலில் வருபவன் கோணங்கி. கோமாளித் தொப்பியோடு ஆடிக் கூட்டத்தை அடக்கி உட்கார வைத்துவிட்டுப் போவான். அதன் பிறகுதான் பிரகலாதனின் துன்பமும் இரணியனின் முடிவும். பெரிய துயரத்துக்குள் போகுமுன் கூட்டத்தை ஒன்றாகச் சிரிக்க வைத்து ஒரே சபையாக்கிவிட வேண்டும் என்பது நம் மண்ணின் நாடகக்காரர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த கணக்கு.

ஒப்பாரியைக் காது கொடுத்துக் கேளுங்கள்

ஒப்பாரி வைக்கும் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுத் தலையைச் சேர்த்துக்கொள்வார்கள். பாட்டு இறந்தவரை நோக்கியே போகும். ஆனால் சேதி பல சமயம் உயிரோடு இருப்பவர்களுக்கு. கட்டிக்கொடுத்த மகள் வந்து அப்பாவைப் பார்த்து அழுகிறாள்: இனி இந்த வீட்டில் என்னை வா என்று கூப்பிட யார் இருக்கிறார்கள், அண்ணன் வாசலில் எனக்கு ஒருவாய்ச் சோறு கிடைக்குமா என்று ராகம் இழுக்கிறாள். அண்ணி அதே வட்டத்தில், அவள் தோளிலேயே சாய்ந்து அழுதுகொண்டிருப்பாள். பதில் சொல்ல முடியாது. ஒப்பாரிக்கு யாரும் மறுப்பு சொல்வதில்லை. சுற்றியிருக்கும் கிழவிகளுக்கு யாருக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்று துல்லியமாகத் தெரியும். முந்தானைக்குள் சிரித்துக்கொள்வார்கள். பாட்டு முடிந்ததும் மகள் மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, "சின்னத்தை வந்த பஸ்ஸு கும்பகோணத்தோட நின்னுடுச்சாமே?" என்று சாதாரணக் குரலில் விசாரிப்பாள்.

இதில் ரசிக்கக் கற்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அழுகையும் குத்தலும் ஒரே மூச்சில் வருவது. அவள் அழுகை பொய்யில்லை, குத்தலும் பொய்யில்லை. இரண்டு, குறி யார் என்பது. இறந்தவரைச் சிறுமைப்படுத்தும் வரி ஒப்பாரியில் பெரும்பாலும் வராது. உயிரோடு இருப்பவர்களின் கஞ்சத்தனமும் பாகப்பிரிவினையும் பொய்ப்பாசமும்தான் அடி வாங்கும். ஸ்டாண்ட்-அப் கேட்கும்போதும் இந்தக் குறியைக் கவனியுங்கள். சவப்பெட்டி விற்பவரின் பேரம், "எல்லாம் விதி" என்று ஆறுதல் சொல்பவரின் அவசரம், துக்கத்துக்கு விடுப்பு தர யோசிக்கும் அலுவலகம், அழ வராத தன் மனம் என்று இவற்றின் மேல் அடி விழுந்தால் குறி சரி. செத்தவரின் நோயையும் இயலாமையையும் மட்டும் கேலி செய்து கைதட்டு வாங்கினால், ரசிக்காமல் இருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

சிரிப்புக்கு அடியில் யார் உழைப்பு இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். கல்யாணச் சாவின் கொண்டாட்டம் நெடுங்காலம் தலித் மக்களின் தப்பு மேல் நின்றது. அடிப்பது அவர்கள் கடமை என்று ஊர் சட்டம் பேசியது. இனி சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பல ஊர்களில் இளைஞர்கள் மறுத்தார்கள். அவர்கள் மறுத்தது சரி. அதே தப்பு இன்று தஞ்சாவூர் தென்னகப் பண்பாட்டு மையம் போன்ற இடங்களில் கலையாக மேடையேறும்போது, அதில் துக்கத்தைவிடச் சுயமரியாதையே ஓங்கி ஒலிக்கிறது. ஒருவரைக் கட்டாயப்படுத்திப் பெற்ற கொண்டாட்டத்தை மனதாரச் சிரித்து ரசிக்க முடியாது.

படத்திறப்புக்குப் போனால் முன்வரிசையில் உட்காருங்கள்

ஸ்டாண்ட்-அப்புக்கு மிக நெருங்கிய வடிவம் டெல்டாவில் படத்திறப்புதான். சடங்கு வேண்டாம் என்று விட்ட சுயமரியாதைக் குடும்பங்களிலும் கம்யூனிஸ்ட் குடும்பங்களிலும் இது வேரூன்றியது, இப்போது மற்ற வீடுகளிலும் நடக்கிறது. பந்தல், மாலை போட்ட படம், ஒரு மைக். கட்சிக்காரரும் உறவினரும் நண்பரும் பேசுவார்கள். கடைசியில் மகனோ மகளோ நன்றி சொல்ல எழுவார்கள். கேட்க வேண்டியது அந்தப் பேச்சைத்தான்.

எப்படிக் கேட்பது என்று காட்ட, ஒரு மாதிரிப் பேச்சை நானே கட்டுகிறேன். சென்னையில் வேலை பார்க்கும் மகன் பேசுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"எங்கப்பா போன் பண்ணா மூணே கேள்விதாங்க. சாப்பிட்டியா, அங்க மழையா, மேட்டூர்ல எத்தனை அடி. தண்ணி வர்றது அவரு வயலுக்கு. அடி சொல்ல வேண்டியது தாம்பரத்துல இருக்கிற நானு. ஏன்னா என் போன்லதான் நெட்டு இருக்கு. கல்யாணத்தன்னிக்கு மணவறையில உக்காந்திருக்கேன். பின்னாலேந்து குனிஞ்சு காதுல கேக்குறாரு. ஆசீர்வாதம் பண்றாருன்னு எல்லாரும் போட்டோ எடுக்கிறாங்க. 'தொண்ணூத்தாறுப்பா'ன்னேன்."

கூட்டம் சிரிக்கிறது. அவன் நிறுத்திக்கொள்கிறான்.

"இப்பவும் காலையில எந்திரிச்சா முதல்ல அதைத்தான் பாக்குறேன். பாத்துட்டு, யாருக்குச் சொல்றதுன்னு தெரியல." படத்தின் பக்கம் திரும்புகிறான். "நூத்திப் பதினெட்டுப்பா. இன்னும் ரெண்டடிதான்."

மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி என்பது பந்தலில் இருக்கும் ஒவ்வொரு விவசாயிக்கும் தெரியும். ஜூன் 12-இல் அணை திறப்பார்களா, குறுவை போடலாமா, சம்பாவோடு நிறுத்திக்கொள்ளலாமா என்பதெல்லாம் அந்த எண்ணில் அடக்கம். ஆகவே அவன் 'அன்பு', 'பாசம்', 'தியாகம்' என்று ஒரு வார்த்தையும் சொல்லத் தேவைப்படவில்லை. ஒரு எண் போதுமானதாக இருந்தது.

இந்தச் சின்னப் பேச்சில் மூன்றைக் கவனியுங்கள். முதலாவது, துல்லியமான சின்னப் பொருள். "நல்ல மனுஷர்" என்று சொன்னால் யாரும் சிரிக்கவும் மாட்டார்கள், அழவும் மாட்டார்கள். காவிரிப்பூம்பட்டினத்துப் பட்டினத்தார் தாய்க்குக் கொள்ளி வைக்கும்போது பாடியதாகச் சொல்லப்படும் பத்துப் பாடல்கள் இன்றும் இழவு வீடுகளில் நெஞ்சை அறுப்பது இதனால்தான். பால் கொடுத்ததும் தொட்டிலிட்டதும் ஒரு பக்கம், வாய்க்கரிசியும் விறகும் மறுபக்கம் என்று கையால் தொடக்கூடிய பொருள்களையே அவர் எதிரெதிரே வைக்கிறார்.

இரண்டாவது, நிறுத்தம். சிரிப்பு அடங்கும் அந்த இரண்டு மூன்று விநாடியில் பேச்சாளர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். தேர்ந்தவர் அவசரப்பட்டு அடுத்த ஜோக்கைத் தள்ளமாட்டார். சிரித்ததற்காக நாமே கொஞ்சம் கூசும் அந்த நேரத்தை நம்மிடமே விட்டுவைப்பார்.

மூன்றாவது, திரும்பி வருதல். முதலில் வேடிக்கையாக வந்த அதே அடிக்கணக்கு, கடைசியில் வேறு கனத்தோடு வருகிறது. ஸ்டாண்ட்-அப்பில் முன்பு சொன்ன ஜோக்கை மீண்டும் அழைப்பது எல்லோரும் செய்யும் உத்திதான். துக்கத்தைப் பேசும் நிகழ்ச்சியில் மட்டும் அதற்குத் தனி வேலை உண்டு. இழப்பும் அப்படித்தானே வருகிறது? மறந்துவிட்டோம் என்று நினைக்கும்போது ஒரு போன் நம்பராக, ஒரு சட்டை வாசனையாக, சம்பந்தமில்லாத நேரத்தில் வந்து நிற்கிறது. நிகழ்ச்சியின் அமைப்பே துக்கத்தின் அமைப்பாகிவிடும் இடத்தை அடையாளம் காண்பதுதான் இந்தக் கலையில் உச்சமான ரசனை.

எங்கிருந்து தொடங்கலாம்?

இந்தி புரிந்தால் 'ததாஸ்து' நல்ல வாசல். கூட்டுக்குடும்பமும் தாத்தாவின் அதட்டலும் நமக்கு அந்நியமாகத் தெரியாது. தமிழில் பார்க்க விரும்புபவர்கள் ஹலிதா ஷமீமின் 'ஏலே' (2021) படத்தில் தொடங்கலாம். ஐஸ் விற்கும் அப்பா இறந்த சேதி கேட்டு, அவர்மேல் கோபத்தோடு ஊர் வரும் மகனின் கதை. அழுகை வராத மகனை வைத்தே படம் சிரிக்கவும் வைக்கிறது, அழவும் வைக்கிறது. பிறகு நோட்டாரோவுக்கும் சில்வர்மனுக்கும் போங்கள். தனியாக ஹெட்போனில் பார்ப்பதைவிட, நீங்கள் இழந்தவரை அறிந்த இருவரோடு சேர்ந்து பாருங்கள். இழவு வீட்டுச் சிரிப்பு தனியாளுக்கு உரியதில்லை. பக்கத்தில் இருப்பவர் சிரித்த பிறகுதான் பலருக்குச் சிரிக்கத் துணிவு வரும்.

இழப்பு புதிதாக இருந்தால் காத்திருங்கள். கருமாதி முடிந்த வாரமே ஒருவரை உட்கார வைத்து இதைப் போட்டுக் காட்டுவது இரக்கமாகாது. பாதியில் எழுந்து போகத் தோன்றினால் போய்விடுங்கள், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

கேட்டுப் பழகியபின் ஒன்று செய்து பாருங்கள். ஆடி அமாவாசைக்குத் திருவையாறு புஷ்ய மண்டபத்துக்கோ பூம்புகாருக்கோ போய் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வரும் குடும்பங்கள் பல. வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டு முடித்ததும் ஒவ்வொருவராக, போனவரைப் பற்றி ஒரு வேடிக்கையைச் சொல்லட்டும். புகழ்ச்சி வேண்டாம், நடந்தது போதும். அவர் கஞ்சத்தனம், அவர் குறட்டை, பக்கத்து வயல்காரரோடு ஒரு வரப்புக்காக அவர் போட்ட முப்பது வருடச் சண்டை என்று எதுவானாலும் சரி. அந்த வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகளும், தாத்தாவைப் பார்த்தேயிராத பேரக்குழந்தையும் எந்த இடத்தில் சிரிக்கிறார்கள் என்று கவனியுங்கள். அங்கேதான் அவர்களுக்கு அவர்மேல் முறை உண்டாகிறது. நல்ல ஸ்டாண்ட்-அப் கலைஞர் அரங்கம் நிறைந்த அந்நியர்களுக்குச் செய்வதும் இதையேதான். எனவே அப்படி ஒருவர் உங்களைச் சிரிக்க வைத்தால் வாயைப் பொத்திக்கொள்ளாதீர்கள். இறந்தவருக்கு நீங்கள் செலுத்தும் மரியாதை அது. வாய்விட்டுச் சிரியுங்கள்.