சருப்பதோபத்திரமும் சுடோகுவும்

சுடோகுப் புதிரின் 81 கட்டங்களில், நிரையிலும் நிரலிலும் உட்சதுரத்திலும் ஓரெண் மீண்டும் வரலாகாது. தண்டியலங்காரம் கூறும் சருப்பதோபத்திரத்திலோ எழுத்துக்கள் மீண்டு வருதலே விதி. அதன் 64 அறைகளும் நாற்றிசையினின்றும் ஒன்றுபோலவே படிக்கப்படும். ஆதலின், புலவன் தேர்வன 10 எழுத்துக்களே; ஏனைய 54 அறைகளும் விதிவழியே நிரம்பும். செய்யுளோ உரையின் துணையின்றிப் பொருள்படாது. விதிகளைக் கூட்டுதல் எளிது. கூட்டியபின் உயிர் நிற்றல் அரிது. கண்டியை அடுத்த எம்பெக்கே தேவாலயத்து மரத்தூணிற் பின்னிய அன்னங்கள், பின்னலிடையும் அன்னங்களாகவே விளங்குகின்றன. விதி பல பிணைத்துப் புதிர் சமைப்போர்க்கும் அளவுகோல் இதுவே: விடை ஒன்றாதல் மட்டும் போதாது, காண்பான் ஆராய்ந்து மகிழ்தற்கு இடமும் எஞ்சுதல் வேண்டும்.