'ரன்' என்னும் ஆங்கில வினையும் பொருள் எண்ணும் முறையும்

ஆங்கிலச் சொற்களுள் மிகப் பல பொருள் உடையது எது என்னும் வினாவிற்கு நெடுங்காலம் 'செட்' என்னும் வினையே விடையாகக் கூறப்பட்டு வந்தது. 1989ஆம் ஆண்டு வெளிவந்த ஆக்சுபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பு அவ்வினைக்கு 430 பொருள்களை வகுத்து, ஏறத்தாழ 60,000 சொற்களில் விளக்கம் வரைந்தது. 2011இல் அப்பெருமை 'ரன்' என்னும் வினைக்கு மாறிற்று. அதன்கண் 645 பொருள்கள் காணப்பட்டன. பீட்டர் கில்லிவர் என்னும் அகராதி ஆசிரியர் இவ்வொரு சொல்லை வகுப்பதற்கு ஒன்பது திங்கள் உழைத்தார் என்ப. இவ்வெண்ணிக்கையை ஆங்கிலத்தின் வளத்திற்குச் சான்றாகவும், ஒரோவழித் தமிழின் வறுமைக்குச் சான்றாகவும் எடுத்துக் கூறுவார் நம்மிடையே உளர். அக்கூற்று ஆராய்ச்சிக்கு நிற்குமா என்பதும், நம் ஆங்கிலம்–தமிழ் அகராதிகள் இத்தகைய வினைகளை எவ்வாறு வகுத்தல் வேண்டும் என்பதும் ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட பொருள்கள்.

முதற்கண் எண்ணிக்கையின் வரலாற்றைக் காண்போம். பேரகராதியின் மூன்றாம் பதிப்பிற்கான திருத்தப்பணி ஆங்கில நெடுங்கணக்கின் முதலெழுத்தில் தொடங்கவில்லை. இடையில் நிற்கும் 'எம்' என்னும் எழுத்தில் தொடங்கிற்று. 2000இல் 'மேக்' என்னும் வினையின் பதிவு எல்லாவற்றினும் நீண்டதாயிற்று. 2007இல் 'புட்' அதனை விஞ்சிற்று. 2011இல் 'ரன்' வந்தது. எம், பி, ஆர் என இவ்வெழுத்துகள் நெடுங்கணக்கு முறையில் நிற்பதை நோக்குக. பணி எவ்வெழுத்தை அடைந்ததோ அவ்வெழுத்தின் பெருவினை முடிசூடியது. 'ரன்' முடிசூடிய அந்நாளில் 'செட்' என்பதன் பதிவு இன்னும் திருத்தப்படவில்லை. இரண்டாம் பதிப்போ, 1928இல் நிறைவுற்ற முதற் பதிப்பையும் பின்வந்த இணைப்புத் தொகுதிகளையும் பெரும்பாலும் ஒன்றாகக் கோத்தது. எனவே 430, 645 என்னும் எண்கள் இரு வேறு காலத்து அகராதியாளர் இரு வேறு அளவுகோலால் அளந்து கண்டவை. பழைய மரக்காலால் அளந்த நெல்லையும் புதிய படியால் அளந்த நெல்லையும் அருகருகே வைத்து எது மிகுதி என்று வினவுவதை இது ஒக்கும். எந்திரங்கள் பெருகியமையால் 'ரன்' பெருகிற்று என்பாரும் உளர். எந்திரம், கடிகாரம், புகைவண்டி ஆகியவற்றால் அச்சொல்லின் ஆட்சி விரிந்தது உண்மையே. ஆயினும் அகராதிப் பணியின் வரிசையைக் கருதாமல், காலத்தின் இயல்பை மட்டும் காரணமாகக் கூறுதல் நிறைவுடையது அன்று.

இனி, சொல்லின் பிறப்பு. பழைய ஆங்கிலத்தில் தன்வினையாக 'ரின்னன்' என்றும், எழுத்து இடம் மாறி 'இர்னன்' என்றும் வழங்கியது ஒன்று. ஓடச்செய்தல் என்னும் பிறவினைப் பொருளில் 'ஆர்னன்' என வழங்கியது மற்றொன்று. வடபுலத்து நார்சு மொழியின் கலப்பும் சேர்ந்து, இடைக்காலத்தில் இவை ஒரே வடிவமாய் இணைந்தன. இதனோடு இனமான செருமானிய மொழி 'ரின்னென்' என்பதனை நீர் ஒழுகுதற்கும், 'ரென்னென்' என்பதனை ஓடுதற்கும் இன்றும் தனித்தனியே வைத்துள்ளது. ஆங்கிலத்திலோ மனிதன் ஓடுதலும், குதிரையைப் பந்தயத்தில் ஓட விடுதலும், நீர் ஓடுதலும் ஒரு சொல்லின் பொருள்களாகவே எண்ணப்படுகின்றன. தமிழில் 'ஓடு' வேறு, 'ஓட்டு' வேறு. அகராதியிலும் இரண்டும் தனித்தனித் தலைச்சொற்கள். ஆங்கிலத்தார் முறையைப் பின்பற்றி ஓடு, ஓட்டு இரண்டையும் ஒரு பதிவில் அடக்கினால் நம் எண்ணிக்கையும் உயரும். அவர்கள் நம் முறையைப் பின்பற்றினால் அவர்களது எண்ணிக்கை தாழும். இதனால் எந்த மொழியின் வளமும் ஓர் இம்மியும் கூடவோ குறையவோ போவதில்லை.

பொருள்களுக்கு வருவோம். மனிதன் ஓடுகின்றான், ஆறு ஓடுகின்றது, பொறி ஓடுகின்றது, கடிகாரம் ஓடுகின்றது, திரைப்படம் நூறு நாள் ஓடுகின்றது. இவ்விடங்களில் எல்லாம் ஆங்கிலம் 'ரன்' என்றாள, தமிழும் 'ஓடு' என்றே ஆள்கின்றது. பிறகுதான் வழிகள் பிரிகின்றன. சளி பிடித்தவனுக்கு மூக்கு 'ரன்' ஆவதாக ஆங்கிலேயர் கூறுவர். நாம் மூக்கு ஒழுகுகின்றது என்போம். மெழுகு அவர்க்கு ஓடும். நமக்கு உருகி வழியும். துணியின் நிறம் அவர்க்கு ஓடும். நமக்குச் சாயம் போகும். ஒரு நோயோ திறமையோ குடும்பத்தில் ஓடுவதாக அவர் கூற, வழிவழி வருவதாக நாம் கூறுகின்றோம். ஒப்பந்தம் ஐந்தாண்டு ஓடும் என்பது அவர் வழக்கு. ஐந்தாண்டு செல்லும் என்பது நம் வழக்கு. காய்ச்சல் கண்டவன் வெப்பத்தை 'ரன்' செய்கின்றான் என்பது அவர் மரபு. நமக்குக் காய்ச்சல் அடிக்கின்றது. கடையையோ பள்ளியையோ அவர் ஓடச்செய்ய, நாம் நடத்துகின்றோம். அஃதாவது நடக்கச் செய்கின்றோம். கடை ஒன்றே, அங்கு அது ஓடுகின்றது, இங்கு நடக்கின்றது.

இவ்விடத்தில் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். ஒழுகு, வழி, ஓடு, பாய், கசி எனப் பல தமிழ்ச் சொற்கள் 'ரன்' என்பதற்கு நேராக வருவதால், அவ்வாங்கிலச் சொல்லுக்கு அத்துணைப் பொருள்கள் உள எனக் கருதுதல் பிழை. மூக்கு, மெழுகு, ஆறு, குழாய் ஆகிய நான்கிடத்தும் ஆங்கிலேயன் உணர்வது நீர்மம் பெயர்ந்து செல்லுதல் என்னும் ஒரு பொருளையே. அதனை அளவாலும் விரைவாலும் தடிப்பாலும் பிரித்துப் பெயரிட்டது தமிழ். மொழிபெயர்ப்பின் எண்ணிக்கை வேறு, பொருளின் எண்ணிக்கை வேறு. ஒரு வினைக்குப் பொருள் மிகுந்திருத்தல் அம்மொழியின் வளத்தையே காட்டும் என்பதும் துணிபு அன்று. வேறு வினைகள் இருக்கவேண்டிய இடங்களில் ஒரே வினை நின்று பணி செய்வதையும் அது காட்டலாம்.

ஆங்கிலத்திற்குள்ளேயே இவ்வினை ஒருபடித்தாக இல்லை என்பதற்குத் தேர்தல் நல்ல சான்று. அமெரிக்கர் தேர்தலில் 'ரன்' செய்வர். பிரித்தானியர் தேர்தலில் 'சுடாண்ட்' செய்வர், அஃதாவது நிற்பர். ஒரே மொழி பேசுவோருள் ஒரு சாரார் ஓடவும் மற்றொரு சாரார் நிற்கவும் காண்கின்றோம். நாம் தேர்தலில் நிற்கின்றோம். பிரித்தானியர் வாயிலாகத் தேர்தல் முறை வந்தபோது வினையும் உடன் வந்தது என்று கொள்ளுதல் பொருந்தும். அமெரிக்கச் செய்தி ஒன்றைத் தமிழாக்குவோர் 'தேர்தலுக்கு ஓடுகிறார்' என்று எழுதினால் எவருக்கும் பொருள் விளங்காது. அங்ஙனம் எழுதாது காப்பது எது? அகராதி காக்கவில்லை, தமிழ்ச் செவியே காக்கின்றது.

'கண்' என்னும் பெயரோடு இவ்வினை சேர்வதும் நோக்கத்தக்கது. கண்ணை ஒன்றன்மேல் ஓடவிடுதல் ஆங்கிலத்தில் விரைந்து பார்த்தல் ஆகும். தமிழிலோ கண் ஓடுதல் இரக்கம். கண்ணோட்டம் என்பது திருக்குறளில் 58ஆம் அதிகாரத்தின் பெயர். இக்காலத்தில் அச்சொல் பார்வை, கருத்துநிலை என்னும் பொருளில் பரவியிருப்பினும் பழம்பொருள் அருளே. உறுப்பும் ஒன்று, வினையும் ஏறத்தாழ ஒன்று. கூட்டத்தில் பிறந்த பொருள்கள் வேறு. தனித்து நின்ற 'ரன்' என்பதற்கு நேராகத் தனித்து நின்ற 'ஓடு' என்பதை வைப்பதால் இவ்வேறுபாடு புலனாகாது.

இதனைத் தமிழிலக்கணம் அறியாமல் இல்லை. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் பலபொருள் ஒருசொல்லை இரண்டாகப் பகுத்து, வினையால் வேறுபடுவது ஒன்று, வினையால் வேறுபடாதது மற்றொன்று என்றார். முன்னதன் பொருள் வேறுபட்ட வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளியப்படும். பின்னதனை வெளிப்படையாகக் கிளந்து சொல்லுதல் வேண்டும். உரையாசிரியர்கள் 'மா' என்னும் பெயரை எடுத்துக்காட்டுவர். பூத்தல் என்னும் வினை வந்தால் அது மரம். ஓடுதல் என்னும் வினை வந்தால் விலங்கு. ஈண்டு ஐயத்திற்குரியது பெயர். ஐயம் அறுப்பது வினை. 'ரன்' என்பதிலோ இம்முறை தலைகீழாகின்றது. ஐயத்திற்குரியது வினை, எழுவாயாகவும் செயப்படுபொருளாகவும் வரும் பெயர்களே ஐயம் அறுக்கின்றன. வினையைக் கருவியாகக் கொண்டு பெயரைத் தெளிந்தது அவ்விதி. பெயரைக் கருவியாகக் கொண்டு வினையைத் தெளிய அதனை விரித்தல் நம் கடன். இனமும் சார்பும் இரண்டிடத்தும் பொதுவாகவே பயன்படும்.

அவ்வாறு விரிக்கப்படாமைக்குக் காரணம் நம் நிகண்டு மரபில் உளது என்பது எம் கருத்து. திவாகரத்தின் பதினோராம் தொகுதி ஒருசொல் பல்பொருளுக்கு உரியது. பிங்கலந்தையின் பத்தாம் வகையும் அத்தகையதே. ஆயின் அவற்றுள் இடம் பெற்றவை பெரும்பாலும் பெயர்கள். திவாகரம் செயல்களுக்கென ஒரு தொகுதி வகுத்தும், அதனையும் 'செயல் பற்றிய பெயர்த் தொகுதி' என்றே வழங்கிற்று. பாடம் செய்வதற்கு அமைந்த நூல்களில் இது குறையாகாது. ஆனால் அந்நூல்களின் அடுக்கு முறையை இருமொழி அகராதியும் கைக்கொண்டபோது இடர் தோன்றிற்று. ஓடு, ஒழுகு, இயங்கு, இயக்கு, நடத்து, பரவு, செல், நீள் எனக் காற்புள்ளி இட்டு அடுக்கிச் சென்றால், மாணவன் அவற்றுள் எதனை எவ்விடத்துக் கொள்வான்? தமிழ் நன்கறிந்தவனுக்கு அப்பட்டியல் வேண்டுவதில்லை. அறியாதவனுக்கு அது பயன்படுவதில்லை.

ஆங்கிலத்தார்க்கும் இவ்விடர் புதிதன்று. 1755இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் சான்சன் தம் முன்னுரையில், பொருள் நெகிழ்ந்து எங்கும் பரந்து தம்மை அலைக்கழித்த வினைகளைப் பெயர் சுட்டி முறையிட்டார். அவற்றுள் 'ரன்' உண்டு. அவ்வினைகளை அகராதியில் முற்றப் பிடித்தல் அரிது என்பது அவர் முடிபு. இருபதாம் நூற்றாண்டில்தான் வேறொரு வழி தெளிவாயிற்று. சே. ஆர். பெர்த்து என்னும் மொழியியலார், சொல்லை அதனோடு கூடிவரும் சொற்களால் அறிதல் வேண்டும் என்று 1957இல் எழுதினார். இவர் 1934இல் ஆர்டனின் தமிழ் இலக்கண நூலுக்குத் தமிழ் ஒலிப்புப் பற்றிய இணைப்பு எழுதியவர். ஆதலின் நமக்கு முற்றும் அயலார் அல்லர். அவர் வழிவந்த சான் சிங்கிளேர் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய கோபில்டு அகராதி (1987), சொல்லை முழுவாக்கியத்தில் வைத்து, எத்தகைய எழுவாயும் செயப்படுபொருளும் உடன்வரும் என்பதைக் காட்டியே பொருள் கூறிற்று. தொல்காப்பியர் சார்பு என்றதன் விரிவாகவே இதனை யாம் காண்கின்றோம். தமிழில் 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி எடுத்துக்காட்டு வாக்கியங்களைத் தந்தமை இத்திசையில் பெரும்பயன் விளைத்தது. அது தமிழ்ச் சொல்லைத் தலைச்சொல்லாக உடையது. ஆங்கில வினையைத் தலைச்சொல்லாகக் கொண்டு இவ்வாறு செய்தல் தனியே மேற்கொள்ளவேண்டிய பணி.

'ரன்' என்பதற்கு அப்பதிவு எங்ஙனம் அமையலாம்? மக்கள் எழுவாயாகி, செயப்படுபொருள் கடை, விடுதி, சங்கம் போன்ற நிறுவனமாயின் நடத்து, ஊர்தியாயின் ஓட்டு, பொறியாயின் இயக்கு, செய்தித்தாள் எழுவாயாகிச் செயப்படுபொருள் செய்தியாயின் வெளியிடு. செயப்படுபொருள் இன்றி எழுவாய் நீர்மமாயின் ஓடு, ஒழுகு, வழி என்பவற்றுள் அளவுக்கு ஏற்றது; சாலை, வேலி, மலைத்தொடர் ஆயின் செல், நீள்; பண்பு அல்லது நோயாகிக் குடும்பம் இடமாயின் வழிவழி வா. இவ்வளவில் பெரும்பகுதி அடங்கும். எஞ்சுவன இடைச்சொல்லோடு கூடிய தொடர்கள். சரக்குத் தீர்தல், ஒருவரை எதிர்பாராது காணுதல், கடன் ஏறுதல், பழித்துப் பேசுதல் ஆகியவற்றைக் குறிக்க ஆங்கிலம் 'ரன்' என்பதன்பின் சிறுசொல் ஒன்றைச் சேர்க்கும். இவற்றைத் தனிச்சொற்களாகவே கருதித் தனிப்பதிவு தருதல் நன்று.

இப்பணி செய்யப்படாமையின் விளைவு வேறொரு வினையில் இன்னும் தெளிவாகத் தெரிகின்றது. 'டேக்' என்பதற்கு 'எடு' என்னும் ஒரே நேர்ச்சொல் மனத்தில் பதிந்தமையால், முடிவு செய்தல் முடிவு எடுத்தலாயிற்று. இளைப்பாறுதல் ஓய்வு எடுத்தலாயிற்று. நேரம் ஆகின்றது என்பது நேரம் எடுக்கின்றது என்றாயிற்று. இவற்றுள் சில நிலைபெற்றுவிட்டன. மீட்க முயல்வது வீண். ஆனால் 'குளியல் எடுத்தான்' என மாணவர் எழுதக் காணும்போது, பிழை அவருடையதா அவர் கையிலுள்ள அகராதியினுடையதா என்னும் ஐயம் எழுகின்றது.

எம் கூற்றுக்கு மாறாவது போன்ற சான்று ஒன்றையும் மறைத்தல் ஆகாது. மட்டைப் பந்தாட்டத்தில் 'ரன்' பெயராக வரும். பந்தை எல்லைக்கு அடித்தவன் ஓரடியும் ஓடாமலே நான்கு 'ரன்' பெறுவான். தமிழ்நாட்டார் பேச்சில் ஆங்கிலச் சொல்லையே பெரிதும் வழங்க, இலங்கைத் தமிழ் இதழ்கள் அதனை 'ஓட்டங்கள்' என நேரே பெயர்த்து நிலைநிறுத்திவிட்டன. வாசகர்க்கு இடர்ப்பாடு ஏதும் இல்லை. ஓடாது பெற்ற நான்கு ஓட்டங்கள் எவரையும் மயக்கவில்லை, ஏனெனில் அவ்விளையாட்டுச் செய்தியில் சார்பு முன்னரே அறுதியிடப்பட்டுள்ளது. அங்கு வேறு ஓட்டம் நினைவிற்கு வர இடமில்லை. அதே பக்கத்தில் ஓட்டப்பந்தயச் செய்தியும் அச்சாகும்போது, அவ்விதழ்கள் அதனை மீட்டர் கணக்கோடு சேர்த்துக் கிளந்தே கூறுகின்றன.