வால்வு டைமிங் டயகிராமில் விடுபட்ட எண்

நம்ம ஊர் கல்லூரிகளில் மெக்கானிக்கல் படிச்ச யாரைக் கேட்டாலும் தெர்மல் லேபில் செய்த வால்வு டைமிங் டயகிராம் ஞாபகம் இருக்கும். வெட்டி வைத்த ஒரு இன்ஜின். ஃப்ளைவீலில் சாக்பீஸ் கோடு. வால்வுத் தண்டுக்கும் ராக்கருக்கும் நடுவில் ஒரு துண்டுக் காகிதம். ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றணும். காகிதம் இறுகினால் வால்வு திறக்க ஆரம்பிக்குது, தளர்ந்தால் மூடிடுச்சு. அந்த இடங்களைக் குறித்து, டிகிரிக்கு மாற்றி, ரெக்கார்டு நோட்டில் சுருள் மாதிரி ஒரு படம் வரைந்தால் மதிப்பெண்.

இந்தப் பயிற்சி மேல் எனக்கு ரொம்ப நாளாக ஒரு மனத்தாங்கல். அளக்கும் முறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இன்ஜின் எந்த வேகத்தில் ஓடுவதற்காக இந்தக் கோணங்கள் வைக்கப்பட்டன என்ற கேள்வி அந்தப் படத்தில் எங்கேயும் வராது. கையால் சுற்றும் இன்ஜினுக்கு வேகம் பூஜ்யம். பூஜ்யம் வேகத்தில் பார்த்தால் வால்வு டைமிங் ஒரு புதிராகத்தான் தெரியும். பிஸ்டன் அடிக்கு வந்து மறுபடி மேலே ஏற ஆரம்பித்த பிறகும் இன்லெட் வால்வு ஏன் திறந்தே கிடக்குது? உள்ளே வந்த காற்று திரும்பி வெளியே போய்விடாதா?

ஒரு நிஜ உதாரணம். நம்ம ஊர் லேப்களில் அதிகம் காணப்படும் கிர்லோஸ்கர் ஏ.வி.1 டீசல் இன்ஜின். ஒரு சிலிண்டர், 80 மி.மீ. போர், 110 மி.மீ. ஸ்ட்ரோக், 1500 ஆர்.பி.எம்-ல் 5 எச்.பி. கிணத்து மேட்டில் ஓடின ஆயில் இன்ஜின் வகையறாதான். அதன் இன்லெட் வால்வு, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 4.5 டிகிரி முன்னால் திறக்கும். அடிக்கு வந்து 35.5 டிகிரி தாண்டி மூடும். எக்ஸாஸ்ட் இதற்குக் கண்ணாடி பிம்பம்: அடிக்கு 35.5 டிகிரி முன் திறந்து, உச்சிக்கு 4.5 டிகிரி பின் மூடும். இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் ஓவர்லாப் வெறும் 9 டிகிரி.

இன்லெட் மொத்தம் 220 டிகிரி திறந்திருக்கு. 1500 ஆர்.பி.எம்-ல் ஒரு சுற்றுக்கு 40 மில்லிசெகண்ட், அப்போ காற்று உள்ளே வரக் கிடைக்கும் நேரம் சுமார் 24 மில்லிசெகண்ட். அதே 220 டிகிரியை 6200 ஆர்.பி.எம்-ல் ஓடும் இன்ஜினுக்கு வைத்தால் 6 மில்லிசெகண்டுக்கும் குறைவு. டிகிரி மாறவில்லை, நேரம் கால்வாசி ஆகிவிட்டது. ரெக்கார்டு நோட்டில் இரண்டும் ஒரே படமாகத்தான் இருக்கும்.

காற்றுக்கும் எடை உண்டு. வேகமாக ஓடி வரும் காற்று, பிஸ்டன் நின்னாலும் உடனே நிற்காது, தள்ளிக்கொண்டு உள்ளே வரும். அந்தத் தள்ளலை வாங்கிக்கொள்ளத்தான் வால்வைத் தாமதமாக மூடுகிறார்கள். வேகம் கூடக் கூடத் தள்ளல் கூடும், தாமதமும் கூடலாம். ஆனால் அதே தாமதத்தோடு மெதுவாக ஓட்டினால் காற்றில் வேகம் இல்லை, ஏறி வரும் பிஸ்டன் அதை மேனிஃபோல்டுக்கே திருப்பி அனுப்பிவிடும். ஆக மூடும் கோணம் என்பது ஒரு வேகத்தைத் தேர்ந்தெடுப்பது. ஒரு வேகத்துக்குப் பொருத்தினால் மற்ற வேகங்களில் கொஞ்சம் இழக்கணும். ஏ.வி.1 ஒரே வேகத்தில் ஓட வேண்டிய இன்ஜின், அதனால் அதற்கு இந்தச் சங்கடம் இல்லை. நம்ம மாணவர்கள் பெரும்பாலும் அளந்து பார்ப்பது இந்தச் சங்கடமே இல்லாத இன்ஜினைத்தான்!

இதே விடுபாடு ஒர்க்‌ஷாப் பேச்சிலும் உண்டு. "வால்வைப் பெருசு பண்ணி, கேம் மாத்திட்டா பவர் பிச்சுக்கும்ங்க." எந்த ஆர்.பி.எம்-ல என்று கேட்டால் பதில் வராது. இந்தப் பேச்சுக்கு வேர் ஆர்.எக்ஸ். 100-இல் இருக்கிறது என்பது என் ஊகம். அது டூ ஸ்ட்ரோக், அதில் இந்த வால்வும் கிடையாது, கேமும் கிடையாது. சிலிண்டர் சுவரில் ஓட்டைகள், பிஸ்டனே அவற்றைத் திறந்து மூடுது. எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பை அரம் வைத்து ஒரு மில்லிமீட்டர் ராவினால் ஓட்டையும் பெருசாகும், சீக்கிரமும் திறக்கும். அளவும் நேரமும் ஒரே வெட்டில் மாறுகிற இன்ஜின் அது. அதில் கை பழகினவருக்குப் 'பெருசு' என்பதே 'ஃபாஸ்ட்' என்று தோன்றுவதில் ஆச்சரியமில்லை. நாலு ஸ்ட்ரோக்கில் இரண்டும் தனித்தனி.

தனித்தனி என்று காட்ட நல்ல சாட்சி நம்ம ரோட்டிலேயே ஓடிச்சு. மாருதி 800, அப்புறம் 2000-இல் வந்த ஆல்ட்டோ. இரண்டிலும் 796 சி.சி., மூன்று சிலிண்டர், 68.5 மி.மீ. போர், 72 மி.மீ. ஸ்ட்ரோக். பெரிய வித்தியாசம் ஹெட்டில்: 800-க்கு ஆறு வால்வு, ஆல்ட்டோவுக்குப் பன்னிரண்டு. இன்ஜெக்‌ஷன் வந்த பிறகு 800 கொடுத்தது 5000 ஆர்.பி.எம்-ல் 37 பி.எச்.பி., 2500-இல் 59 நியூட்டன் மீட்டர் டார்க். ஆல்ட்டோ 6200-இல் 46 பி.எச்.பி., 3000-இல் 62 நியூட்டன் மீட்டர்.

கால்வாசி பவர் கூடிவிட்டது என்று விளம்பரம் சொல்லும். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க. பி.எச்.பி-யை 7121-ஆல் பெருக்கி ஆர்.பி.எம்-ஆல் வகுத்தால் அந்த வேகத்தில் இருக்கும் டார்க் கிடைக்கும். 800-க்கு 5000-இல் 52.7. ஆல்ட்டோவுக்கு 6200-இல் 52.8.

ஒரே டார்க்! உச்சப் பவர் வரும் இடத்தில் இரண்டு இன்ஜினும் கிராங்கை ஒரே பலத்தோடுதான் திருகுது. ஆல்ட்டோ அதே பலத்தை இன்னும் 1200 சுற்று மேலே வரை விடாமல் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். கூடின 9 பி.எச்.பி-யும் அந்தப் பிடிப்பிலிருந்து வந்தது. இங்கே வால்வு செய்த வேலை, மூச்சுத் திணறுவதைத் தள்ளிப்போட்டது.

ஒரு பெரிய வால்வுக்குப் பதில் இரண்டு சிறியது ஏன்? வால்வு கொஞ்சமாகத் திறந்திருக்கும்போது காற்று போகும் வழி வால்வின் வட்டப் பரப்பு அல்ல. விளிம்பைச் சுற்றி உண்டாகும் வளையம். சுற்றளவு பெருக்கல் தூக்கம். கணக்குக்காக 34 மி.மீ. வால்வு ஒன்று, 26 மி.மீ. வால்வு இரண்டு என்று வைப்போம் (இவை மாருதியின் அளவுகள் இல்லை). 5 மி.மீ. தூக்கும்போது முதலாவதில் 534 சதுர மி.மீ. வழி, இரண்டாவதில் 817. வட்டப் பரப்பில் பார்த்தால் வித்தியாசம் 17 சதவீதம்தான், வளையத்தில் பாதிக்கு மேல். தூக்கம் விட்டத்தில் கால்வாசியைத் தொட்டதும் வளையமும் வட்டமும் சமமாகிவிடும், அதற்கு மேல் தூக்கினால் பெரிய லாபம் இல்லை. சிறிய வால்வு எடையும் குறைவு, அதனால் ஸ்பிரிங் அதை வேகத்திலும் கேமோடு ஒட்டவைத்திருக்கும்.

ஆக 'பெரிய வால்வு' என்ற சொல்லே பாதிதான் சரி. விட்டத்தை மட்டும் பெருக்கி, தூக்கத்தையும் போர்ட்டையும் பழையபடியே விட்டால் கிடைப்பது கொஞ்சம். அதுக்காக போர்ட்டையும் குடைந்து அகலப்படுத்தினால் குறைந்த வேகத்தில் காற்று சோம்பிப்போகும்.

ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறும்போது நாற்பது கொண்டை ஊசி வளைவு. நாலு பேரும் சாமானுமாக ஏறும் 800-ஐ செகண்ட் கியரில் 2000, 3000 சுற்றில்தான் ஓட்டுவோம். 5000-க்கு மேல் என்ன நடக்குது என்பது அந்த வண்டிக்கு வாழ்நாளில் சில நிமிஷக் கேள்வி. அதற்கு 'ரேஸ் கேம்' போட்டால் வளைவு முடிந்து ஆக்சிலரேட்டரை மிதிக்கும் இடத்தில் டார்க் இருக்காது. ஐடிலிங்கில் ஓவர்லாப் வழியாக எக்ஸாஸ்ட் புகை இன்லெட்டுக்குள் பின்வாங்கி, இன்ஜின் குலுங்கும். மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பார்த்துப் பெட்ரோல் ஊற்றும் இன்ஜெக்‌ஷன் வண்டியில் இன்னும் மோசம். வெற்றிடம் குறைவதை ஈ.சி.யூ. லோடு என்று நினைத்துக் கூடுதலாக ஊற்றும். அந்தக் குலுக்கலைக் கேட்டு "சவுண்டே தனிங்க" என்று சந்தோஷப்படுபவர்களும் உண்டு.

ரேஸ் வேறு உலகம். கோவைக்காரர் எஸ். கரிவரதன் 1988-இல் இதே மாருதி 800 இன்ஜினை வைத்துத்தான் ஃபார்முலா மாருதியை உருவாக்கினார். நரேன் கார்த்திகேயன் கார் பந்தயத்தில் கால் வைத்ததும் அந்த வண்டியில். செட்டிபாளையத்தில் 2003-இல் திறந்த 2.1 கி.மீ. ஓடுதளத்துக்கு, 1995-இல் விமான விபத்தில் இறந்த அவர் பெயர்தான். ஓடுதளத்தில் ஓட்டுபவர் கியரை மாற்றி மாற்றி ஊசியை மேலேயே வைத்திருப்பார், 2500-இல் என்ன இழந்தோம் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. அங்கே அந்த கேம் நியாயமானது. ஆனா கரிவரதன் வகுப்பின் அடிப்படையே எல்லோருக்கும் ஒரே வகை இன்ஜின் என்பதுதான். நம்ம ஊர் ரேஸ் பெருமையைச் சொல்லி ரோடு வண்டிக்கு கேம் விற்பவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

கார் கம்பெனிகளே இந்த இழுபறியை ஒத்துக்கொண்டாயிற்று. டிக்கி மேல் 'வி.வி.டி.' என்று ஒட்டி வருவதன் அர்த்தம், இரண்டு வேகத்துக்கு ஒரே கேம் கோணம் போதாது, ஓடும்போதே மாற்றுகிறோம் என்பது. கோணத்தை மட்டும்தான் மாற்றுது, திறந்திருக்கும் மொத்த டிகிரி பெரும்பாலானவற்றில் அப்படியேதான் இருக்கும்.

லேபுக்கு வருவோம். வெட்டி வைத்த இன்ஜின் இருக்கட்டும், காகிதத் துண்டும் இருக்கட்டும். பக்கத்திலேயே பழைய 800 இன்ஜின் ஒன்றை டைனமோமீட்டரில் மாட்டுங்க. கேம் புல்லியில் துளைகளை நீள்வட்டமாக்கி, நாலு டிகிரி முன்னும் பின்னும் தள்ள வழி செய்தால் போதும். டைமிங் பெல்ட்டை ஒரு பல் தள்ளி மாட்டுவது இதற்கு ஆகாது: கிராங்க் புல்லியில் 20 பல் என்றால் ஒரு பல்லே 18 டிகிரி. ஒவ்வொரு தடவையும் ஸ்டார்ட் பண்ணும் முன் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, வால்வு பிஸ்டனில் இடிக்கலையே என்று பார்க்கணும். பிறகு 1500-லிருந்து 5500 வரை ஐந்நூறு ஐந்நூறாக டார்க் எடுக்கச் சொல்லுங்க. மூன்று நிலைக்கு மூன்று கோடு, ஒரே கிராஃபில். எங்கேயோ ஒரு ஆர்.பி.எம்-ல் அந்தக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும். ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டிய எண் அது.