கண்ட சாட்சி யார்? 'ஸ்கை ஃபோர்ஸ்' படமும் 23 வருடப் பதக்கமும்

'ஸ்கை ஃபோர்ஸ்' 2025 ஜனவரியில் வந்த இந்திப் படம். அபிஷேக் அனில் கபூர், சந்தீப் கெவ்லானி என்று இரண்டு இயக்குநர்கள். அக்‌ஷய் குமார், புதுமுகம் வீர் பஹாரியா. குடியரசு தின வாரத்துக்கென்றே செய்த படம், அதனால் என்ன இருக்கும் என்று பார்க்காமலே பாதி சொல்லிவிடலாம். பார்த்தேன். பறக்கிற காட்சிகள் நன்றாகவே இருக்கு. எனக்குள்ள சண்டை வேறு இடத்தில்.

இந்தப் படத்துக்கு அடியில் கிடக்கிற உண்மைச் சம்பவம் ஒரு கோப்பைப் பற்றியது. இறந்துபோன ஒரு ராணுவ வீரரின் பதிவில் இல்லாத ஒரு வீரச்செயலை 23 வருடம் கழித்துச் சேர்த்த கதை. இந்திய ராணுவ வரலாற்றில் இப்படி நடந்தது அபூர்வம். அந்தக் கதை கையில் கிடைத்தும் படம் அதை நட்புக் கதையாகக் கரைத்துவிட்டது என்பதே என் குறை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1965 செப்டம்பர் 7, விடியற்காலை. ஆதம்பூர் தளத்திலிருந்து விமானப்படையின் முதலாவது ஸ்குவாட்ரன் பாகிஸ்தானின் சர்கோதா தளத்தைத் தாக்கக் கிளம்பியது. 12 மிஸ்டேர் விமானங்கள். தலைமை விங் கமாண்டர் ஓ.பி. தனேஜா. ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமாட போப்பய்ய தேவய்யா அந்தப் பன்னிரண்டில் இல்லை. யாராவது பின்வாங்கினால் அந்த இடத்துக்குப் போக வேண்டிய மாற்று விமானி அவர். ஒரு விமானம் விலகியது, அவர் சேர்ந்துகொண்டார். தாக்குதல் முடிந்து மற்றவர்கள் திரும்பினார்கள். தேவய்யா திரும்பவில்லை. பதிவில் ஏறியது ஒரு வார்த்தை: காணவில்லை.

காணவில்லை என்பது ராணுவப் பதிவுகளில் மிகக் கொடுமையான வார்த்தை. செத்தார் என்றால் எங்கே, எப்படி என்று அடுத்த வரி இருக்கும். காணவில்லை என்றால் அடுத்த வரியே கிடையாது. வழியில் இயந்திரக் கோளாறா, எரிபொருள் தீர்ந்ததா, தரையிலிருந்து சுட்டார்களா, எதுவும் தெரியாது. கூடப் போனவர்கள் யாரும் பார்க்கவில்லை. பார்த்தவர் இல்லாமல் பதக்கப் பரிந்துரையை யார் எழுதுவது?

பார்த்தவர் ஒருவர் இருந்தார். எதிரி நாட்டு விமானி. ஃப்ளைட் லெப்டினன்ட் அம்ஜத் ஹுசைன் ஓட்டியது ஸ்டார்ஃபைட்டர், ஒலியைப் போல இரு மடங்கு வேகம் போகக்கூடியது. மிஸ்டேரோ நேராகப் பறக்கும்போது ஒலி வேகத்தைத் தாண்டாத வண்டி. அடிபட்ட பிறகும் தேவய்யா திரும்பி அந்த ஸ்டார்ஃபைட்டரோடு மோதி அதை வீழ்த்தினார். அம்ஜத் ஹுசைன் பாராசூட்டில் குதித்துப் பிழைத்தார். இந்தச் சண்டை எல்லைக்கு அந்தப் பக்கத்தில் தெரிந்த விஷயம். இந்தப் பக்கத்தில் தெரியாது. 1979இல் ஜான் ஃபிரிக்கர் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் 1965 வான்போரைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். பாகிஸ்தான் விமானப்படை வட்டாரத்தில் நெருங்கிப் பழகி, பெரும்பாலும் அவர்கள் தரப்பிலிருந்து எழுதிய புத்தகம். அதில் இந்த மோதல் வருகிறது, ஆனால் இந்திய விமானியின் பெயர் இல்லை. யாரோ ஒரு மிஸ்டேர் விமானி, அவ்வளவுதான்.

இங்கேதான் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது, சண்டைக் காட்சியில் அல்ல. விமானப்படை வரலாற்றை எழுதும் வேலையில் இருந்த ஏர் கமடோர் பிரீதம் சிங் அந்தப் பக்கங்களைப் படிக்கிறார், தனேஜாவிடம் கொண்டுபோகிறார். அன்று காலை போனவர்கள் யார் யார், திரும்பியவர்கள் என்ன சொன்னார்கள் என்று கணக்குப் போடுகிறார்கள். திரும்பிய எவரும் ஸ்டார்ஃபைட்டரோடு சண்டை போட்டதாகச் சொல்லவில்லை. திரும்பாதவர் ஒருவர். அப்படியானால் அவர்தான். வெறும் கழித்தல் கணக்கு. எதிரியின் ஏட்டில் பெயரில்லாமல் கிடந்த வரியையும் நம் ஏட்டில் வரியில்லாமல் கிடந்த பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். 1988இல் மகாவீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. அப்போது குடியரசுத் தலைவர் நம்ம ஊர்ப்பக்கத்து ஆர். வெங்கடராமன்.

ஒரு துப்பறியும் படத்துக்கு இதைவிட நல்ல கதை கிடைக்குமா? படத்தில் அக்‌ஷய் குமாரின் ஆஹூஜா தேடுகிறார், அலைகிறார், மறுக்கப்படுகிறார், கண் கலங்குகிறார். தேடல் முழுவதும் அவருடைய குற்றவுணர்ச்சியாலும் பாசத்தாலும் நகர்கிறது. பார்க்கிறவர் வெளியே வரும்போது, பிடிவாதமான ஒரு மேலதிகாரி இருந்தால் பதக்கம் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு வருவார். பாசம் 1965லேயே இருந்தது. இல்லாதது ஆதாரம். எதிரியின் புத்தகத்தை ஆதாரமாக ஏற்கலாமா என்பதுதான் அந்தக் கோப்பில் இருந்த நிஜமான கேள்வி. தன் விமானி வீழ்ந்ததை எதிர்த்தரப்பு ஒத்துக்கொள்வதில் அவர்களுக்கு லாபம் எதுவும் இல்லை, அதனால் அந்தச் சாட்சியத்துக்குக் கனம் கூடுதல். இதை ஒரு காட்சியாக எழுதத் தெரிந்தவர் யாரும் அந்தத் திரைக்கதை மேஜையில் இல்லை போலிருக்கு.

சாட்சி இருந்தால் எவ்வளவு சீக்கிரம் வேலை நடக்கும் என்பதற்கு நம்ம பக்கத்திலேயே உதாரணம் உண்டு. மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் சுபேதார் சுப்பிரமணியன், காஞ்சிபுரம் பக்கம் கீழ்ஒட்டிவாக்கத்துக்காரர். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிஞ்ஞானோ என்ற இடத்தில் கண்ணிவெடி அகற்றும்போது, வெடிக்கப்போன கண்ணியின் மேல் தானே விழுந்து மூடி, கூட இருந்தவர்களைக் காப்பாற்றிச் செத்தார். அதே வருடம் ஜூன் 30இல் ஜார்ஜ் கிராஸ் அறிவிப்பு. நாலே மாதம். அவர் காப்பாற்றியவர்களே சாட்சி. தேவய்யாவின் செயல் அதற்குக் குறைந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

திருவண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு இதை யோசிக்கும்போது மேற்கே செங்கத்துப் பக்கம் மனசு போவதைத் தடுக்க முடியவில்லை. செங்கம் நடுகற்களை 1972இல் இரா. நாகசாமி பதிப்பில் தொல்லியல் துறை நூலாக்கியது. கல்வெட்டு படிக்கிறவர்கள் எழுத்து வளர்ச்சிக்காகவும் பல்லவர் காலக் கணக்குக்காகவும் அதைப் புரட்டுவார்கள். நான் அதைப் படைப்பதிவேடாகவும் படிக்கிறேன். எடுத்தனூர்க் கல்லைப் பாருங்கள். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. வாணகோ அரைசரின் மருமக்கள் பொற்றொக்கையார், அவருடைய இளமகன் கருந்தேவக்கத்தி, எருமைப் பட்டியில் பட்டான். ஆண்டு, மேலதிகாரி, பெயர், இடம், செயல் என்று இன்றைய பதக்க அறிவிப்பில் இருக்கிற கட்டங்கள் அத்தனையும் நிரம்பியிருக்கு. போதாததற்கு அவனோடு நின்ற நாய்க்கும் தனி வரி: பெயர் கோவிவன், இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது. உருவமும் உண்டு.

நாயின் பெயர் வரை எழுத முடிந்தது எப்படி? சாவு ஊர் எல்லையில் நடந்தது, கல் நட்டவர்கள் அதே ஊர்க்காரர்கள். சாட்சிக்கும் பதிவுக்கும் நடுவே அலுவலகம் இல்லை. பழங்காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. கல் கிடைக்காமல் போனவர்கள் எத்தனை பேரோ. ஆனால் பதிவு என்பது பார்த்தவனுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்ற ஒன்றை அந்தக் கல் காட்டுகிறது. சர்கோதா வானம் யாருடைய ஊர் எல்லையும் இல்லை.

படம் செய்கிற இன்னொரு குழப்பம் இங்கே நிறைய வீடுகளைத் தொடும். வேலூர், ஆரணி, போளூர், செங்கம் என்று இந்தப் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் கொடுத்த ஊர்கள் ஏராளம். பெரியவர் போன பிறகு பெட்டியைத் திறந்தால் டிஸ்சார்ஜ் புக் இருக்கும், பதக்கக் கட்டத்தில் ஏதோ விட்டுப்போயிருக்கும். 1971இல் மேற்கு முனையில் இருந்தேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தவருக்கு சங்க்ராம் மெடல் இருக்கும், பஸ்சிமி ஸ்டார் இருக்காது. சங்க்ராம் அப்போது பணியில் இருந்தவர்களுக்குப் பொதுவாகக் கொடுத்தது. பஸ்சிமி, பூர்வி இரண்டும் எந்த முனையில் இருந்தார் என்பதைப் பொறுத்தது.

இதுவும் தேவய்யாவின் மகாவீர் சக்ராவும் ஒரே ஜாதி அல்ல. பஸ்சிமி ஸ்டார் தகுதிப் பதக்கம். அந்த யூனிட் அந்த நாளில் அங்கே இருந்தது, இவர் அந்த யூனிட்டில் இருந்தார் என்று காட்டினால் போதும், யாருடைய மதிப்பீடும் தேவையில்லை. யூனிட்டில் பார்ட் டூ ஆர்டர் என்று ஒன்று போடுவார்கள், அது ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போய் ஷீட் ரோலில் ஏறும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. நடுவில் எங்கோ ஒரு தாள் ஏறாமல் விட்டால் பதக்கமும் விட்டுப்போகும். அதைத் திருத்தக் கேட்பது பிழை திருத்தம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக ரெக்கார்ட் ஆபீஸுக்கு மனு, அங்கே நடக்காவிட்டால் 2007 சட்டத்தின்படி வந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம், அதற்குச் சென்னையிலும் அமர்வு உண்டு. வீரப்பதக்கமோ அரசின் விருப்புரிமை. பரிந்துரை, குழு, ஒப்புதல் என்று போகும். கேட்டு வாங்கும் உரிமை அது அல்ல என்பதே நீதிமன்றங்கள் பொதுவாக எடுக்கும் நிலை. பணமும் இதில்தான் இருக்கு: 2017 ஆகஸ்டிலிருந்து மகாவீர் சக்ராவுக்கு மாதம் 10,000 ரூபாய், வீர் சக்ராவுக்கு 7,000. பஸ்சிமி ஸ்டாருக்கு அப்படி மாதப் பணம் எதுவும் இல்லை. அதைத் தேடுகிற பேரப்பிள்ளைகள் காசுக்குத் தேடவில்லை. தாத்தா சொன்னது பொய்யில்லை என்று காகிதத்தில் பார்க்கத்தான் தேடுகிறார்கள்.

இந்த இரண்டையும் 'ஸ்கை ஃபோர்ஸ்' பிரித்துக் காட்டியிருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, பாடம் நடத்துவது படத்தின் வேலை இல்லை. ஆனால் பதிவு என்பதையே உணர்ச்சியற்றவர்களின் சதி மாதிரி காட்டாமல் இருந்திருக்கலாம். பதிவில் நிஜமாகவே சதி நடந்த வழக்கும் உண்டு. கார்கில் போரில் பட்டாலிக் பகுதியில் 70ஆவது காலாட்படைப் பிரிகேடை நடத்திய பிரிகேடியர் தேவிந்தர் சிங், தன் பங்கைக் குறைத்துக் காட்டப் போர் அறிக்கைகள் மாற்றப்பட்டன என்று வழக்குப் போட்டார். 2010 மே மாதம் டெல்லியில் தீர்ப்பாயம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லி, ராணுவத்தின் அதிகாரப்பூர்வ வரலாற்றைத் திருத்தச் சொன்னது. உயிரோடு இருக்கிற அதிகாரி, உள்நாட்டிலேயே எழுதிய அறிக்கை, திருத்தச் சொன்னது நீதிபதி. தேவய்யா விஷயத்தில் யாரும் எதையும் மறைக்கவில்லை. தெரியவே இல்லை. இந்த இரண்டாவது வகைக்கு வில்லன் கிடையாது. வில்லன் இல்லாமல் இந்திப் படம் எடுப்பது கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன்.

கடைசியாக, எனக்கு ஆறாத ஒன்று. கதைக்குள் அந்த விமானியின் பெயர் தேவய்யா இல்லை, டி. கிருஷ்ண விஜயா. தனேஜாவும் ஆஹூஜா ஆகிவிட்டார். சட்டச் சிக்கல், கற்பனைச் சுதந்திரம் என்று காரணம் சொல்வார்கள். வேறு படம் என்றால் நானும் விட்டுவிடுவேன். ஆனால் 'ஒரு மிஸ்டேர் விமானி' என்று பெயரில்லாமல் கிடந்தவருக்குப் பெயரை மீட்டுக் கொடுத்ததுதான் இந்தக் கதையின் முழு உழைப்பும். அந்தப் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் போட்டால், ஃபிரிக்கரின் பக்கத்துக்கே திரும்பிப் போன மாதிரி. குடகைச் சேர்ந்தவர் என்பதற்கான தடமும் படத்தில் கரைந்துபோனது. குடகுக்காரர்கள் படம் வந்தபோதே இதைச் சொல்லி வருத்தப்பட்டார்கள், நியாயம்தான். இன்னும் பத்து வருடம் போனால் 1965 என்று தேடுகிற பையனுக்கு விஜயாதான் முதலில் கிடைப்பார். அதைத் திருத்த எந்த ரெக்கார்ட் ஆபீஸுக்கு மனுப் போடுவது என்று தெரியவில்லை.