ஓய்வு பெறும் டெக்னிக்ஸ்

ஒரு டிஜே தன் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிளை மூட்டை கட்டுகிறார் என்றால் அது ரிப்பேர் என்று அர்த்தமில்லை. லேசில் ரிப்பேராகிற சாமான் இல்லை அது. முதுகுதான் ரிப்பேராகிறது. ஒன்று 10 கிலோவுக்கு மேல், ஜோடியாகத்தான் வேண்டும், கூடவே இசைத்தட்டுப் பெட்டிகள். இன்றைய டிஜே யூஎஸ்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்.

1972-ல் ஜப்பானின் மாட்சுஷிடா நிறுவனம் டெக்னிக்ஸ் என்ற பெயரில் வீட்டில் பாட்டுக் கேட்பவர்களுக்காகக் கொண்டுவந்தது முதல் எஸ்எல்-1200. பெல்ட் கிடையாது, மோட்டாரின் காந்தமே தட்டின் அடியில் இருக்கிறது. கையால் பிடித்து நிறுத்திவிட்டு விட்டால் சட்டென்று வேகம் பிடிக்கும். நியூயார்க் ஹிப்-ஹாப் டிஜேக்களுக்கு வேறென்ன வேண்டும்? 1979-ல் வந்த எம்கே2-வில், வேகத்தை 8 சதவீதம் வரை கூட்டவோ குறைக்கவோ நீள ஸ்லைடர் வந்தது. இரண்டு பாட்டுகளின் தாளத்தை விரல் நுனியில் ஒட்டவைக்கலாம்.

எனக்குப் பிடித்தது தட்டோரத்துப் புள்ளிகள். சிவப்பு விளக்கொளியில், வேகம் சரியாக இருந்தால், சுழலும் தட்டில் ஒரு வரிசைப் புள்ளிகள் மட்டும் அப்படியே நிற்கும். துளி பிசகினாலும் நகரும். இருட்டில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். கிளப்பில் இருட்டுக்கா பஞ்சம்!

குறைகளும் உண்டு. பாஸ் அதிர்ந்தால் ஊசி துள்ளும். ஒலியைக் கொண்டுபோகும் ஆர்சிஏ வயர் நைந்து ஒரு பக்கம் ஊமையாகும். சால்டரிங் வைத்தால் சரியாகிவிடும்.

2010-ல் உற்பத்தி நின்றது. 2016-ல் திரும்பி வந்தபோது விலை டிஜேக்களுக்கானதாக இல்லை. அதனால் பழையதை விற்காதீர்கள். வீட்டு ஆம்ப்ளிஃபையரில் மாட்டுங்கள். டர்ன்டேபிளுக்கான ஃபோனோ இன்புட் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.